காகத்தின் தலை மறைத்த சூரியன்

பறவைகள் வாய்விட்டு வழக்காடிய அந்தக் காலத்தில், வடக்கேயிருந்து கோடியக்கரைக்கு வரும் உள்ளான் பறவைக் கூட்டத்துக்கு ஒருத்திதான் வழிகாட்டி. கண்ணை மூடிக்கொண்டாலும் தெற்கு எது என்று அவள் நெஞ்சு சொல்லிவிடும். அந்த வருஷம் நடுக்கடலில் அந்த நெஞ்சே கிறுகிறுத்துப்போனது. பாதிக் கூட்டம் கரைக்கு வரவில்லை. அவள் தங்கையும் வரவில்லை.

பஞ்சாயத்து கூடியது.

“தூங்கிக்கொண்டே பறந்திருப்பாள்,” என்றது காகம்.

“நானா தூங்கினேன்?” உள்ளானுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “தங்கச்சியைப் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்கிறேன். சூரியன் எதையோ வீசியது. அது மோதித்தான் எனக்குத் திசை குழம்பியது. சூரியனை ஒரு வார்த்தை கேட்டீர்களா?”

“அதையா? முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறதே!” எல்லோரும் கெக்கலித்தார்கள்.

தலைமை வகித்த கூழைக்கடா தொண்டைப் பையைச் செருமிக்கொண்டது. “மேலே போய்ப் பார்த்துவிட்டு வா. காகம் சாட்சிக்கு வரட்டும். ஒன்றும் இல்லையென்றால், நாளைக்கு இலங்கைக்குக் கிளம்பும் மிச்சக் கூட்டத்தை வேறொருத்தி கூட்டிப்போவாள்.”

இருவரும் மேகம் தாண்டி, வானம் மையாகக் கறுக்கும்வரை ஏறினார்கள். உள்ளான் சூரியனைப் பார்த்தாள். கண் கூசி நீர் கொட்டியதுதான் மிச்சம்.

“என்ன அக்கா, இங்கேயும் தூக்கமா?” காகம் அவள் மூக்குக்கு நேரே வந்து சிறகடித்தது. அதன் கொழுத்த தலை சூரியனை முழுசாக மறைத்தது.

மறைத்ததும் தெரிந்தது. கறுத்த தலையைச் சுற்றி மயிர் சிலிர்த்ததுபோல் வெள்ளொளி. ஒரு பக்கம் அது புடைத்தது, கிழிந்தது, பெரிய தீக்குமிழ் ஒன்று பிய்த்துக்கொண்டு கிளம்பியது.

“ஆடாதே! தலையை அப்படியே வை!”

“ஏன், என் தலையில் என்ன?”

“உன் தலையில் ஒன்றும் இல்லை. அதற்குப் பின்னால்தான் எல்லாம். இப்போது நீ என் பின்னால் வந்து பார்.”

காகம் பார்த்தது. இருவரும் பஞ்சாயத்தின் முன்னால் வந்து இறங்கினார்கள்.

“அந்தக் குமிழ் இங்கேதான் வருகிறது. அது கடந்து போகிறவரை யாரும் கிளம்பக் கூடாது,” என்றாள் உள்ளான்.

“ஆமாம், நானும் பார்த்தேன்,” என்றது காகம், தரையைப் பார்த்தபடி.

கூட்டம் காத்திருந்தது. இரண்டொரு நாளில் கரையில் நின்ற பறவைகளுக்கே தலை சுற்றியது. கூழைக்கடா தன் கூட்டுக்கு வழி தெரியாமல் அலைந்தது. கடலில் மட்டும் யாரும் இல்லை.

“நல்லவேளை!” என்றார்கள். அவளிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

“இனி தினமும் மேலே போய் யார் பார்ப்பது?” என்று இழுத்தது கூழைக்கடா.

“என்னைத் தூங்குமூஞ்சி என்றவர்கள் போங்கள்,” என்று சொல்லிவிட்டு, உள்ளான் தன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கடலைத் தாண்டினாள்.

அந்தச் சண்டை மனிதர் காதிலும் விழுந்தது. அதனால்தான், சூரியனின் சீற்றத்தைக் காண இன்று மனிதர் விண்ணில் நிறுத்தியிருக்கும் செயற்கைக்கோளின் கண், காகத்தின் தலைபோல ஒரு வட்டத் தகட்டைத் தன் முன்னால் பிடித்துக்கொள்கிறது. சிரிக்கிற முகத்தை மறைத்துவிட்டு, அதன் ஓரத்தைத்தான் பார்க்கிறது.