ஏழாவது மட்டை

ஒரு காட்டில் ஐப்பசி மழை மூன்று வாரம் விடாமல் அடித்தது. மலையின் ஒரு பக்கம் அப்படியே சரிந்து, யானைகள் ஆற்றுக்குப் போகும் பாதையை மூடிவிட்டது.

மழைக்காலத்தில் யானைகளுக்குத் தண்ணீர்க் கவலை இல்லை. திரும்பிய பக்கமெல்லாம் ஊற்று. ஆனால் பங்குனி பிறந்தால் ஊற்றுகள் வற்றிவிடும். ஆற்றுக்குப் போயே ஆக வேண்டும். முப்பது யானைகள் தினமும் போய்வரும் வழி என்றால் சும்மாவா? அங்கே புல் பூண்டுகூட மிஞ்சாது. குறுக்கே நிற்கும் மரத்தையும் தள்ளிவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும்.

யானைக் கூட்டத்தின் தலைவி நியாயம் பார்க்கிற யானை. அது காட்டு விலங்குகளை எல்லாம் கூட்டிச் சொன்னது:

"ஆற்றை நோக்கி ஏழு சரிவுகள் இருக்கின்றன. அதில் ஒன்றில்தான் நாங்கள் நடக்க முடியும். எதை மிதித்தால் காட்டுக்கு நஷ்டம் இல்லை என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். ஒரு சரிவில் உள்ள மரம் செடி கொடி எல்லாம் இன்னொரு சரிவிலும் இருந்தால், அங்கே நடக்கிறோம். வேறெங்கும் இல்லாத செடி ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்தச் சரிவில் கால் வைக்க மாட்டோம்."

"அப்படியானால் எங்கெங்கே என்னென்ன இருக்கிறது என்று முதலில் எழுத வேண்டுமே!" என்றது முள்ளம்பன்றி.

எல்லோரும் கருமந்திக் குரங்கைத் திரும்பிப் பார்த்தார்கள். கருமந்தியின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அது கருமந்திக்கும் தெரியும். கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

முள்ளம்பன்றி தன் முதுகு முள் ஒன்றை எழுதுகோலாகக் கொடுத்தது. காட்டுப் பாக்குமரத்தடியில் விழுந்து கிடந்த மட்டைகளில் ஏழைப் பொறுக்கிக் காய வைத்தார்கள். சரிவுக்கு ஒரு மட்டை. அளக்கும் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஆமை வந்து சேர்ந்தது.

வேலை இதுதான். கொடியால் முறுக்கிய கயிற்றைத் தரையில் சதுரமாகக் கட்ட வேண்டும். சதுரத்துக்குள் நிற்கும் மரம், ஏறும் கொடி, விரல் உயரக் கன்று, பட்டையில் ஒட்டிய பாசி, எதையும் விடாமல் எழுத வேண்டும். பெயர் தெரியாவிட்டால் இலையை முகர்ந்து, தடவி, அடையாளத்தை எழுத வேண்டும். பிறகு கயிற்றை அவிழ்த்து அடுத்த சதுரம். ஒரு சரிவை முடிக்கப் பத்து நாள் ஆகும்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், குழந்தைகளே. ஆறு சரிவுகளில் கருமந்தி அருமையாக வேலை செய்தது. நான்காவது சரிவில் ஒரே மாதிரி இரண்டு பெரணிச் செடிகள் இருந்தன.

"இரண்டும் ஒன்றுதானே? ஒன்றாகவே எழுதிவிடு" என்றது ஆமை.

"அவசரப்படாதே. இலையைத் திருப்பிப் பார்" என்றது கருமந்தி.

திருப்பிப் பார்த்தால், ஒன்றின் அடியில் பழுப்புத் தூள் கோடு கோடாக இருந்தது. மற்றதில் பொட்டுப் பொட்டாக இருந்தது. கருமந்தி இரண்டு பெயர்களாக எழுதியது. ஆமை அசந்துபோயிற்று.

ஏழாவது சரிவு ஓடைக்கு அக்கரையில் இருந்தது. கருமந்தி ஓடையைத் தாண்டி ஒரு காலை வைத்தது. வைத்த காலை அப்படியே எடுத்துக்கொண்டது.

அங்கே அட்டைகள்! ஒவ்வொரு இலை நுனியிலும் ஓர் அட்டை எழுந்து நின்று, 'வா, வா' என்று தலையை ஆட்டியது. கருமந்திக்குப் புலியிடம்கூட அவ்வளவு பயம் இல்லை.

"எனக்கு ஓடு இருக்கிறது, அட்டை என்ன செய்யும்? நான் முன்னால் போகிறேன், நீ பின்னால் வா" என்றது ஆமை.

"எதற்குப் போக வேண்டும்? ஆறாவது சரிவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதே மழை, அதே மண். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்!"

"நடுவில் ஓடை இருக்கிறதே. இது வேறு பானை ஆயிற்றே" என்றது ஆமை.

"எழுதுவது நீயா, நானா?"

ஆமை கயிற்றைச் சுருட்டிக்கொண்டது.

கருமந்தி ஒரு பாறையில் ஏறி உட்கார்ந்து ஏழாவது மட்டையை எடுத்தது. அதில் ஒரே ஒரு சொல்லை எழுதியது: 'மேற்படி.' அதாவது, ஆறாவது சரிவில் உள்ளவைதான் இதிலும் உள்ளன, வேறு எதுவும் இல்லை என்று அர்த்தம். பத்து நாள் வேலை பத்து நொடியில் முடிந்தது.

தை மாதக் கடைசியில் இருவாச்சிப் பறவை கருமந்தியைத் தேடி வந்தது. இருவாச்சிகளின் குடும்ப வழக்கம் உங்களுக்குத் தெரியுமா? முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். குஞ்சு வளரும்வரை அது வெளியே வராது. ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்ட வேண்டும். பழம் வராவிட்டால் உள்ளே இருக்கும் இரண்டு உயிரும் போய்விடும்.

"அண்ணே, வீட்டுக்காரி பொந்துக்குள் போய்விட்டாள்" என்றது ஆண் இருவாச்சி. "எனக்குத் தலை சொறியக்கூட நேரம் இல்லை. மட்டைகளைப் படிக்கும் சபைக்கு வர முடியாது. ஏழாவது சரிவில், ஓடைக்கு மேலே ஒரு பெரிய அத்தி நிற்கிறது. பங்குனியில் மற்ற மரங்கள் எல்லாம் கையை விரிக்கும்போது அந்த ஒன்றுதான் எங்களுக்குப் பழம் தரும். அது மாதிரி அத்தி இந்தக் காட்டில் வேறெங்கும் இல்லை. எழுதிவிட்டீர்கள் அல்லவா?"

கருமந்தி மாட்டிக்கொண்டது. 'நான் அந்தச் சரிவுக்கே போகவில்லை' என்று சொல்ல வேண்டும். சொன்னால் மானம் போய்விடும்.

"எழுதாமல் விடுவேனா?" என்றது.

"அதுதானே! உங்களுக்கா தெரியாது!" என்று சொல்லி இருவாச்சி நிம்மதியாகப் பறந்துவிட்டது.

அப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை, குழந்தைகளே. சபைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. மழை நின்று அட்டைகளும் குறைந்திருந்தன. 'நாளைக்குப் போய் அத்தியை எழுதிவிடலாம்' என்று கருமந்தி நினைத்தது. முதல் நாள் வயிறு சரியில்லை. இரண்டாம் நாள் உறவினர் வந்தார்கள். மூன்றாம் நாள் அதற்கே தன்மேல் எரிச்சலாக இருந்தது; எரிச்சலில் தூங்கிவிட்டது.

சபை கூடியது. ஏழு மட்டைகளையும் வரிசையாக வைத்தார்கள். முதல் சரிவில் வேறெங்கும் இல்லாத செடி மூன்று. இரண்டாவதில் ஐந்து. இப்படியே ஐந்தாவது வரை ஒவ்வொன்றிலும் ஏதாவது இருந்தது.

தலைவி யானை ஏழாவது மட்டையைப் பார்த்தது. "இதில் உள்ளதெல்லாம் ஆறாவதிலும் இருக்கிறது. தனியாக எதுவும் இல்லை. இரண்டில் ஏழாவதுதான் ஆற்றுக்குப் பக்கம். அப்படியானால் நாங்கள் ஏழாவது சரிவில் நடக்கிறோம்" என்றது.

கருமந்திக்குப் பகீர் என்றது. ஒரு சொல்லை எழுதி வேலையை முடித்தோம் என்றுதான் அது நினைத்திருந்தது. அந்த ஒரு சொல்லே ஏழாவது சரிவை யானையின் காலடியில் கொண்டுபோய்ப் போடும் என்று அது யோசிக்கவே இல்லை.

"கருமந்தி எவ்வளவு உழைத்திருக்கிறது!" என்றது மிளா மான்.

"எழுத்தைப் பார், எழுத்தை!" என்றது மலை அணில்.

தலைவி யானை தும்பிக்கையை நீட்டிக் கருமந்தியின் தலையைத் தடவிக்கொடுத்தது. "உன் எழுத்தை நம்பித்தான் எங்கள் கால் போகிறது, மகனே" என்றது.

வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். கருமந்தி திறந்தது. "உங்கள் ஆசீர்வாதம், பெரியம்மா" என்று சொல்லி மூடிக்கொண்டது. பக்கத்தில் இருந்த ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

பங்குனி பிறந்தது. ஊற்றுகள் வற்றின. யானைகள் ஏழாவது சரிவில் இறங்கின. வழியில் ஒரு பெரிய அத்தி நின்றது. 'இது ஆறாவது சரிவிலும் இருக்கிறதே, மட்டையில் அப்படித்தானே இருக்கிறது' என்று நினைத்து யானைகள் அதைத் தள்ளின. அதன் அடியிலும் மேலுமாக என்னென்னவோ பூத்திருந்தன. அவற்றையும் மிதித்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் குடித்தன.

மறுநாள் ஆண் இருவாச்சி விழுந்த மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. விலங்குகள் எல்லாம் ஓடிவந்தன.

"இது உன் மரமா? அப்படியென்றால் சபையில் வந்து சொல்லியிருக்கலாமே!" என்றது மிளா மான்.

"நாங்கள் என்ன செய்வோம்? மட்டையில் இல்லையே!" என்றது மலை அணில்.

இருவாச்சி அலகைத் தாழ்த்திக்கொண்டது. "தப்பு என்மேல்தான். நான் அவசரத்தில் சரியாகச் சொல்லாமல் விட்டிருப்பேன். கருமந்தி அண்ணன்மேல் குறை இல்லை. அவர் பார்த்தால் எழுதாமல் விடுகிறவர் இல்லை" என்றது.

கருமந்தி கூட்டத்தின் பின்னால் நின்று இதைக் கேட்டது. யாராவது திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருக்கும். தான் செய்த குற்றத்துக்கு இன்னொருவர் தலை குனிந்து நிற்பதை அதனால் தாங்க முடியவில்லை.

"அவர் சரியாகத்தான் சொன்னார்!" என்று அது கத்திவிட்டது. "நான்தான் எழுதவில்லை. நான் இந்தச் சரிவுக்கு வரவே இல்லை. அட்டைக்குப் பயந்து ஓடையோடு திரும்பிவிட்டேன்."

"கயிற்றின் மறுமுனை என் கையில் இருந்தது. நானும் வாய் திறக்கவில்லை" என்றது ஆமை.

தலைவி யானை தன் காலைத் தூக்கிப் பார்த்தது. அதில் அத்தி இலை ஒட்டியிருந்தது. "எழுதியது நீ. மிதித்தது நான். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு மிதித்திருக்கலாம்" என்று சொல்லி, கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு போயிற்று. அன்று முதல் யானைகள், தூரம் என்று முதலில் ஒதுக்கிய வழியில், மலையைச் சுற்றி அரை நாள் நடந்து தண்ணீர் குடித்தன.

அங்கிருந்து இரண்டு மலை தாண்டினால் ஒரு பள்ளத்தாக்கில் வேறு பழங்கள் உண்டு. ஆண் இருவாச்சி தனியாகப் பறந்து ஊட்டிக் கட்டுப்படியாகாத தூரம். கருமந்தியும் தினமும் அங்கே போய்வந்தது. வழியெல்லாம் ஈரம், வழியெல்லாம் அட்டை. கால் முழுக்க இரத்தம் வழிய வந்து, பொந்தின் கீறல் வழியாகப் பழத்தை உள்ளே நீட்டியது. நாற்பது நாள் இப்படி நடந்தது.

சித்திரைக் கடைசியில் பெண் இருவாச்சி வாசலை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. பின்னாலேயே குஞ்சும் எட்டிப் பார்த்தது. உள்ளே இருந்தவளுக்கு வெளியே நடந்தது எதுவும் தெரியாது. கவலைப்படுவாள் என்று ஆண் பறவை சொல்லவே இல்லை.

"அண்ணே, தினமும் ஒரு கறுத்த கை பழம் கொடுத்தது. அது உங்கள் கைதானா? எங்கள் குலதெய்வம் மாதிரி வந்தீர்கள்!" என்று பெண் இருவாச்சி கருமந்தியை வணங்கியது.

கருமந்தி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டது.

"அப்படிச் சொல்லாதே, அம்மா. உங்கள் அத்தியைச் சாய்த்ததும் இந்தக் கைதான்" என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

பெண் இருவாச்சி ஏழாவது சரிவைத் திரும்பிப் பார்த்தது. அங்கே சிவந்த மண் மட்டும் தெரிந்தது.

"எங்கள் அத்தி போயிற்று. அதுவாவது நாங்கள் சொல்லித் தெரிந்தது" என்றது. "அதோடு சேர்ந்து வேறு என்னென்ன போயின, அண்ணே?"

கருமந்தி ஏழாவது மட்டையை எடுத்து வந்து அதன் முன்னால் வைத்தது. அதில் முத்து முத்தான எழுத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது.

நீதி: கண்ணால் பாராததைப் பார்த்ததாக எழுதாதே, அழிந்தது இன்னதென்று சொல்லி அழக்கூட வழியில்லாமல் போகும்.