சொல்பேச்சுக் கேளாத தண்ணீர்

"அம்மணி, இந்தத் தண்ணி சொல்பேச்சுக் கேக்க மாட்டேங்குது."

பூங்கோதை கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரு சொல்ற பேச்சுங்ணா?"

"நான் சொல்றதுதான்."

"அதுக்குக் காது எங்க இருக்குது?"

சென்னியப்பனுக்கு இது பழகிப்போனதுதான். இந்த அம்மணியிடம் கேள்வியோடு போனால் இன்னொரு கேள்வியோடுதான் திரும்ப வேண்டும்.

கோயமுத்தூரில் ஒரு மாடிக்கட்டடம். சினிமாவுக்கு வேண்டிய தீ, புகை, வெள்ளம் எல்லாம் அங்கே கணினிக்குள் பிறக்கும். அதில் தண்ணீருக்கு அதிபதி பூங்கோதை. கல்லூரி முடித்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அவளிடம் தொழில் கற்க வந்தவர் சென்னியப்பன், மீசை நரைத்தவர். அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். விசிலைக் கழற்றி வைத்துவிட்டு மவுஸைப் பிடித்தவர்.

குரு சிறுசு, சீடர் பெருசு. தொழிலுக்கு வயசா தெரியும்?

தண்ணீர் வேலையில் அவர் கைக்கு வந்த முதல் காட்சி இது. குழந்தைகள் படம். வைக்கோல்போர் பற்றி எரிகிறது. பறக்கும் யானைக்குட்டி ஒன்று அதைச் சுற்றி வட்டமடித்து, துதிக்கையால் தண்ணீர் விட்டு அணைக்கிறது. சொல்ல எவ்வளவு சுலபம்.

யானை பறக்கும் பாதையை வளைகோடாக வரைந்தார். யானை போகிற வழியில்தானே தண்ணீரும் போக வேண்டும்? கோட்டின் நுனியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, "இந்தக் கோட்டோடயே போ" என்று ஒவ்வொரு துளிக்கும் கட்டளை போட்டார்.

முதல் வளைவுவரை ஒழுங்காகத்தான் போயிற்று. வளைவில் யானை திரும்பியது. துளிகள் திரும்பவில்லை. நேரே போய்ப் பக்கத்து வயலில் விழுந்தன.

வெளிப்பக்கம் ஒரு விசையை வைத்து உள்ளே தள்ளினார். அதிகமாகிப் போனது. உள்பக்கம் ஒன்றை வைத்து வெளியே தள்ளினார். அப்புறம் இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத சுவர் எழுப்பினார். அதன்பின் ஒரு துளிகூடக் கோட்டைத் தாண்டவில்லை.

டைரக்டர் வந்து பார்த்தார். வேட்டி கட்டிய மனிதர். அதிகம் பேசமாட்டார்.

"குட்டி எதுக்குங்க ஓஸ் பைப்பை இழுத்துட்டுப் பறக்குது?" என்றார்.

வெள்ளிக்கிழமை மறுபடி வருவார். அப்போதும் தண்ணீர் தண்ணீராக இல்லாவிட்டால், யானை பறக்கிற காட்சியே படத்தில் கிடையாது. சென்னியப்பனும் பழைய நாற்காலிக்கே போக வேண்டியதுதான். சண்டைக் காட்சியில் நாயகனைத் தூக்கும் கயிற்றைக் கணினியில் ஃபிரேம் ஃபிரேமாக அழிக்கிற வேலை. ஒரு வருஷம் அழித்திருக்கிறார். கனவிலும் கயிறுதான் வரும்.

"இன்னும் ரெண்டு விசையைச் சேர்த்தா, கொஞ்சம் தண்ணி மாதிரி வருமுங்களா அம்மணி?"

"டீ குடிச்சா வரும்" என்று பூங்கோதை எழுந்தாள்.

டீக்கடை தெருமுனையில் இருந்தது. தெரு அங்கே சட்டென்று திரும்பும். பூங்கோதை கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எதிர்ப்பக்கத்தைக் காட்டினாள்.

"நீங்க அந்தக் கம்பத்துக்கிட்ட போய் நில்லுங்ணா."

"அங்க எதுக்கு?"

"காத்து வரும்."

குரு சொன்னால் நிற்க வேண்டியதுதான். டீக்கிளாஸோடு போய் நின்றார்.

தண்ணீர் லாரி ஒன்று வந்தது. தொட்டியின் மூடி சரியாக மூடவில்லை. விளிம்பெல்லாம் வழிந்தது. வழியாத தண்ணீர் லாரியை யார் கண்டார்கள்? வந்த வேகத்தில் லாரி முனையில் திரும்பியது.

சென்னியப்பன் இடுப்புக்குக் கீழே தொப்பலாக நனைந்தார். டீயிலும் கொஞ்சம் விழுந்தது.

"காத்து வந்துச்சுங்களா?" என்றாள் பூங்கோதை. அவள்மேல் ஒரு பொட்டு ஈரமில்லை.

டீக்காரர் பாலைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

"ஏனம்மணி, தெரிஞ்சேதான் நிறுத்துனீங்களா?"

"தெரிஞ்சவங்க யாரும் அந்தக் கம்பத்துக்கிட்ட நிக்கமாட்டாங்க. கோவிச்சுக்காதீங்க. ரோட்டைப் பாருங்ணா."

பார்த்தார். தெருவோடு வந்த ஈரம் முனையில் லாரி திரும்பியபடியே திரும்பிப் போயிருந்தது. உள்விளிம்பு அளவெடுத்ததுபோல, வெளிவிளிம்பு சிதறிச் சிதறி. வரைந்தால்கூட அப்படி வராது.

"தண்ணி வளைஞ்சிருக்குதுங்களா?"

"வளைஞ்சிருக்குது."

"உங்க பேன்ட்டுக்கு வந்த தண்ணி?"

சென்னியப்பன் குனிந்து பேன்ட்டைப் பார்த்தார்.

"அது எங்க வளைஞ்சுது? நேரா என்னையத் தேடியில்ல வந்துச்சு."

"அப்பறம் வளைஞ்சது யாருங்ணா?"

அவர் லாரி போன பக்கம் பார்த்தார். மறுபடி ரோட்டைப் பார்த்தார். மறுபடி லாரி போன பக்கம். டீக்கிளாஸைக் கம்பத்தடியில் வைத்தார். ஈரச் செருப்பு சளக் சளக்கென்று அடிக்க, மாடிப்படியைப் பார்த்து ஓடினார்.

"என்னாச்சு அவருக்கு?" என்றார் டீக்காரர்.

"குளிச்சுட்டாரு."

மேலே போனவர் முதலில் சுவர்களை எடுத்தார். பிறகு விசைகளை. பிறகு துளிகளுக்குப் போட்ட கட்டளையை. ஒவ்வொன்றையும் எடுக்கும்போது கை தானாகக் கழுத்தில் விசிலைத் தேடியது. கடைசியில் துளிகளை வெளியே விடுகிற வாய் மட்டும் மிஞ்சியது. அதைக் கோட்டின் நுனியிலிருந்து கழற்றி, துதிக்கையின் நுனியில் மாட்டினார்.

கோட்டில் யானை போகட்டும். போகிற வழியெல்லாம் வாய் துளியை விடட்டும். விட்ட துளி விட்டதுதான்.

கணினி கணக்குப் போட்டு முடிக்க மறுநாள் ஆகும். அதுவரை சென்னியப்பனால் உட்கார முடியவில்லை. பூங்கோதையின் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"சரியா வருமுங்களா அம்மணி?"

"விட்டாச்சுங்களா?"

"விட்டாச்சு."

"அப்பறம் எதுக்குங்ணா பின்னாடியே போறீங்க?"

வெள்ளிக்கிழமை டைரக்டர் வந்தார். திரைக்குப் பக்கத்தில், முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். விளக்கை அணைத்தார்கள்.

யானைக்குட்டி வந்தது. தண்ணீர் அதன் பின்னால் திரைச்சீலையாக இறங்கியது. வைக்கோல்போர் உஸ்ஸென்று புகைந்தது. வளைவு வந்தது. யானை திரும்ப, தண்ணீர் தட்டாமாலை சுற்றுகிற சிறுமியின் பாவாடைபோல வெளியே விரிந்தது. கோட்டைத் தாண்டிய துளிகள் ஒன்றிரண்டு அல்ல. கூட்டமாகத் தாண்டி, பார்க்கிறவர்கள் பக்கமாகவே வந்தன.

சென்னியப்பன் திரையைப் பார்க்கவில்லை. டைரக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காட்சி முடிந்தது. விளக்கைப் போட்டார்கள்.

டைரக்டர் இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கி, வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்திருந்தார்.

பிறகு அவரே அதைக் கவனித்தார். மெல்லக் காலை இறக்கினார். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"இன்னொருக்காப் போடுங்க."