பிடி விட்ட உடும்பு

நாவல்குளத்துக் காட்டில் சருகி என்ற பெண் உடும்பு இருந்தது. அது ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான். ஒருமுறை மலைப்பாம்பே அதனிடம் வாலைக் கொடுத்துவிட்டு, "விட்டுடு தாயே!" என்று கெஞ்சியதுண்டு. சண்டை என்று வந்தால் சருகி அடிக்காது, குத்தாது. எதிரியைக் கட்டிப் பிடிக்கும். அவன் உடம்பின் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கும். அந்தப் பக்கமே கவிழ்த்துவிடும். அவ்வளவுதான் அதன் வித்தை.

கோடை வந்தால் அந்தக் காட்டில் குளம் வற்றிவிடும். நாவல் மரத்தடியில் மட்டும் ஈரம் தங்கும். அந்த நிழலுக்காக வருடம் தவறாமல் அடிதடி நடக்கும். துள்ளன் என்ற முயலுக்குக் காதில் பாதி போனது அப்படித்தான். சருகிக்கும் அந்த இடம் வேண்டியிருந்தது. போன கோடையில் அது இட்ட முட்டைகள் எல்லாம் சுடுமணலில் வெந்து கெட்டுப்போயின. இந்த முறையும் அப்படி ஆனால் தாங்காது என்று அதற்குத் தெரியும்.

காட்டுக்கு நியாயம் சொல்லும் கரடிக்கு இந்தச் சண்டைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஒருநாள் எல்லாரையும் கூப்பிட்டது.

"இந்த வருஷம் கடிச்சுக் குதறுற வேலையே வேண்டாம்! மண்ணுல ஒரு வட்டம் போடறேன். அதுக்குள்ள நின்னு மோதுங்க. குத்தலாம், உதைக்கலாம். கடிக்கக் கூடாது. கீறக் கூடாது. வாலால அடிக்கக் கூடாது. பிடிக்கவும் கூடாது! விழுந்தவங்க, நான் என் முதுகைச் சொறிஞ்சு முடிக்கறதுக்குள்ள எழுந்திருக்கணும். இல்லேன்னா தோல்வி. ஜெயிக்கிறவங்களுக்கு இந்தக் கோடை முழுக்க நாவல் நிழல்!"

சருகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கரடியண்ணே! பிடிக்கக் கூடாதுன்னா நான் எதை வச்சுச் சண்டை போடறது?"

"உனக்குக் கை கால் இல்லையா?" என்றது கரடி.

நான்கு பேர் முன்வந்தார்கள். முதலாவது கொண்டையப்பன் என்ற காட்டுச்சேவல். பறந்து வந்து ஓங்கி ஓர் உதை விடுவதில் அதற்கு நிகர் கிடையாது. இரண்டாவது துள்ளன். அதன் முன்னங்கைகள் தவில் வாசிப்பதுபோலப் படபடவென்று குத்தும். மூன்றாவது வாலய்யன் என்ற குரங்கு. நின்ற இடத்தில் சுழன்று, எதிரியின் தலைக்கு மேலே காலை வீசும். நான்காவது சருகி.

"உடும்புக்கு இங்கே என்ன வேலை? சுவரா ஏறப் போறோம்?" என்று வாலய்யன் சிரித்தது. மரத்தில் இருந்த மற்ற குரங்குகளும் சிரித்தன. சருகிக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் வட்டத்தை விட்டுப் போகவில்லை.

முதல் மோதல் சருகிக்கும் சேவலுக்கும்.

கரடி கையைத் தட்டியதுதான் தாமதம், கொண்டையப்பன் எழும்பிப் பறந்து சருகியின் நெற்றியில் ஓர் உதை விட்டது. சருகிக்குக் கண் இருட்டியது. சேவலோ உடனே திரும்பி, நெஞ்சை நிமிர்த்தி, "கொக்கரக்கோ!" என்று கூவியது. கோழிக் கூட்டத்தில் முதல் அடி யாருடையதோ அவருக்குத்தான் வெற்றி. அந்தப் பழக்கம் அதை விடவில்லை.

மயக்கத்தில் சருகியின் கை தானாக நீண்டது. சேவலின் காலை இறுகப் பிடித்துக்கொண்டது.

"பிடி! பிடி! விடு!" என்று கரடி உறுமியது. "சருகி, இன்னொரு தடவை பிடிச்சா வெளியே அனுப்பிடுவேன்!"

சருகி வெட்கத்தோடு கையை விட்டது. மறுபடியும் சேவல் பறந்து வந்தது. மறுபடியும் ஓர் அடி. மறுபடியும் திரும்பி நின்று, "கொக்கரக்..."

கூவி முடிக்கவில்லை. சருகி அதன் விலாவில் ஓர் உதை விட்டது. அழகான உதை ஒன்றும் இல்லை. மண் தோண்டித் தோண்டி உரமேறிய கால், அவ்வளவுதான். சேவல் உருண்டு போய் விழுந்தது.

"இது அநியாயம்! நான்தானே முதல்ல அடிச்சேன்!" என்று படுத்தபடியே கத்தியது.

"இங்கே முதல் அடிக்குப் பரிசு கிடையாது. கடைசி வரைக்கும் நிக்கணும்," என்று சொல்லிக்கொண்டே கரடி முதுகைச் சொறிந்து முடித்தது. சேவல் இன்னும் வழக்குப் பேசிக்கொண்டுதான் இருந்தது. எழுந்திருக்கவில்லை.

அடுத்தது முயலுக்கும் குரங்குக்கும். துள்ளன் கைகளைப் படபடவென்று வீசிக்கொண்டு பாய்ந்தது. வாலய்யன் பின்னால் நகர்ந்தது. தன் நீண்ட காலால் முயலின் தொடையில் ஓர் உதை. முயல் மீண்டும் பாய்ந்தது. மீண்டும் அதே தொடையில் ஓர் உதை. துள்ளனின் கைகள் காற்றையே குத்திக்கொண்டிருந்தன. கால் தளர்ந்து அது தடுமாறியபோது, வாலய்யன் சுழன்று காதோரம் ஓர் உதை விட்டது. துள்ளன் மல்லாந்து விழுந்தது.

குரங்குகள் ஆரவாரம் செய்தன. சருகி மட்டும் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. வாலய்யன் ஒரு காலைத் தூக்கும்போதெல்லாம், அதன் உடம்பின் பாரம் முழுவதும் தரையில் இருந்த மற்றக் காலுக்குப் போனது. 'இத்தனை நாள் கையால் பிடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதை, தள்ளி நின்று கண்ணாலேயே தெரிந்துகொள்ளலாமே!' என்று சருகி வியந்தது.

அன்று மாலை துள்ளன் நொண்டி நொண்டி அதனிடம் வந்தது.

"சருகி அக்கா! என் கை அவன்கிட்ட எட்டவே இல்லை. உங்க கை நீளம். குத்தறதுக்கு நான் சொல்லித் தரேன். நீங்க ஜெயிச்சா, நிழல் ஓரத்துல என் குட்டிகளுக்குத் துளி இடம் தருவீங்களா?"

"துளி என்னடா துளி? பாதியே எடுத்துக்கோ! முதல்ல சொல்லிக் கொடு."

துள்ளன் எதிரே நின்று உள்ளங்கையைக் காட்டியது. சருகி குத்தியது. குத்திய கை, பட்ட இடத்தை அப்படியே கவ்விக்கொண்டது.

"அக்கா! கை! என் கை!"

"அய்யய்யோ! பழக்கம்டா, பழக்கம்!"

"குத்தின கையை அங்கேயே விட்டுட்டா எப்படி? போன வேகத்துல வீட்டுக்குக் கூப்பிட்டுக்கங்க!"

இருவரும் சிரித்துச் சிரித்துப் பழகினார்கள். முயலின் உள்ளங்கை சிவந்துபோனது. ஆனால் பொழுது சாய்வதற்குள், சருகியின் கை போனால் திரும்பி வரக் கற்றுக்கொண்டது.

மறுநாள் காலை கடைசி மோதல். காடே வந்து வட்டத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது.

வாலய்யன் சுழன்றது, தாவியது, வீசியது. சருகிக்குத் தோளில் ஓர் அடி, கன்னத்தில் ஓர் அடி. அது நகங்களை மண்ணில் ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றது. குரங்கு நெருங்கும்போதெல்லாம் சருகியின் கை நேராகப் போய் அதன் மூக்கில் பட்டுத் திரும்பியது. வாலய்யனுக்கு எரிச்சல் வந்தது. பிறகு அதன் கண்ணில் ஒரு குறும்பு மின்னியது.

வேண்டுமென்றே ஒரு காலைத் தூக்கி, சருகியின் கைக்கு அருகிலேயே நீட்டி ஆட்டியது.

"என்ன சருகி, கை அரிக்குதா? இந்தா! பிடிச்சுக்கோ! உடும்புக்குப் பிடிக்காம இருக்க முடியுமா?"

சருகியின் விரல்கள் விரிந்தன. பிறந்ததிலிருந்து பழகிய வேலை. ஒரே ஒரு பிடி போதும், இந்தக் குரங்கு தரையில் கிடக்கும். ஆனால் பிடித்தால் நிழல் போய்விடும். கரடி எழுந்து நின்று, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

சருகி அந்தக் காலைப் பார்க்கவே இல்லை. தரையில் இருந்த மற்றக் காலைப் பார்த்தது. குரங்கின் பாரமெல்லாம் அங்கேதான் இருந்தது. விரித்த விரல்களை மடக்கியது. உடம்பைத் தாழ்த்தி, அந்த ஊன்றிய காலில் தன் பலமெல்லாம் கூட்டி ஓர் உதை விட்டது.

பொத்தென்று விழுந்தது வாலய்யன்! கரடி சொறியத் தொடங்குமுன் எழுந்து, கோபத்தோடு இன்னும் உயரமாகக் காலைச் சுழற்றியது. மறுபடியும் அதே ஊன்றிய காலில் உதை. மறுபடியும் பொத்! இந்தத் தடவை கரடி முதுகை நிதானமாக, சுகமாக, மேலிருந்து கீழ்வரை சொறிந்து முடித்தது. வாலய்யன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தது.

"நாவல் நிழல் சருகிக்கு!" என்றது கரடி.

துள்ளன் குதித்த குதியில் வட்டத்து மண் கரடியின் மூக்கில் தெறித்தது. சருகிக்கு நெற்றி வீங்கியிருந்தது, தோள் வலித்தது, மனசு மட்டும் நிறைந்திருந்தது.

வாலய்யன் மெல்ல நொண்டிக்கொண்டு வந்தது. "நான் உன்னை மாட்டிவிடத்தான் காலை நீட்டினேன். நீ ஏன் பிடிக்கலை?"

"பிடிச்சிருப்பேன். கை அந்த அளவுக்குத் துடிச்சுது," என்றது சருகி. "ஆனா நீ கூப்பிட்ட இடத்துக்கு நான் எதுக்கு வரணும்?"

வாலய்யன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்துவிட்டது. "அந்தக் கீழ் உதையை எனக்கும் சொல்லித் தருவியா?"

"நீ அந்தச் சுழல் உதையைச் சொல்லிக் கொடு. தரேன்."

அந்தக் கோடையில் நாவல் மரத்தடியில் சருகியின் முட்டைகள் ஈரமண்ணுக்குள் குளிர்ச்சியாகக் கிடந்தன. மறுபாதியில் முயல்குட்டிகள் உருண்டு விளையாடின. காலை வேளையில் நால்வரும் வட்டத்தில் கூடிப் பழகினார்கள். துள்ளன் காலைக் காத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது. கொண்டையப்பன்கூட அடித்த பிறகு கூவுவதைக் குறைத்துக்கொண்டது, முழுசாக விட முடியாவிட்டாலும்.

கற்ற வித்தை எதுவானாலும், களத்தின் விதியைப் புரிந்துகொண்டு அதைத் திருத்திக்கொள்பவரும், தன்னிடம் இல்லாததை அடுத்தவரிடம் கேட்டுக் கற்பவருமே கடைசிவரை நிற்பார்கள்.