பதினோரு சிவப்பு வட்டங்கள்

மேலாளர் வேதமூர்த்தி ஊழியர்கள் எழுதும் கணினிப் புரோகிராமைத் தாளில் அச்சடித்துத்தான் பார்ப்பார். வரிக்கு முன்னால் உள்ள இடைவெளி விசைப்பலகையின் டேப் விசையால் விழுந்ததா, ஸ்பேஸ் விசையால் விழுந்ததா என்று கண்ணாலேயே சொல்லிவிடுவாராம். ஸ்பேஸ்தான் போட வேண்டும் என்பது அவர் சட்டம். போன மாதம் தன்கீழ் வேலை பார்த்த இருதயராஜின் தாளில் டேப் என்று சிவப்பு வட்டம் போட்டார். அவன் வேலை போயிற்று.

இன்று மாரிச்செல்வியின் முறை. முதலாளியம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்.

“முழுக்க டேப்! கிளம்பும்மா.”

“கிளம்புறேன் சார். அதுக்கு முன்னால இந்த ரெண்டு தாளையும் பார்த்துருங்க. ஒண்ணுல டேப் இருக்கு. இன்னொண்ணு, ஒரு சின்ன புரோகிராமை வச்சு டேப்பையெல்லாம் ஸ்பேஸா மாத்தினது. எது டேப்?”

அவர் இடது தாளில் பதினோரு வட்டம் போட்டார். “இதுதான். குருடன்கூடச் சொல்லுவான்.”

“ரெண்டுமே மாத்தினதுதான் சார். ஒரே ஃபைலை ரெண்டு தடவை அச்சடிச்சேன். தாள்ல டேப் ஏது, ஸ்பேஸ் ஏது? எல்லாம் வெறும் வெள்ளை.”

முதலாளியம்மா கணினியில் அந்த ஃபைலைத் திறந்து டேப்பைத் தேடிப் பார்த்தார். ஒரு டேப்கூட இல்லை. வேதமூர்த்தி பேனாவை மூடினார்.

“நீ இரும்மா,” என்றார் முதலாளியம்மா.

“இருதயராஜ் அண்ணனையும் கூப்பிடுங்க மேடம்.”

கூப்பிட்டார்கள். போனை அவன் மனைவி எடுத்தாள்.

“குவைத்துக்கு மூட்டை தூக்கப் போயிட்டாரும்மா. பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டாங்களாம். ரெண்டு வருஷத்துக்கு வர முடியாது.”

மாரிச்செல்வி போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருதயராஜின் நாற்காலி காலியாகவே கிடந்தது.