வட்டாரத்தின் நாக்கு

கபடி கேப்டன் அணி மாறுகிறார் என்று "லீக் வட்டாரம்" சொன்னதாக விளையாட்டு நிருபர் ஆளவந்தார் எழுதினார். கேப்டன் மாறவேயில்லை.

"அப்படிச் சொன்ன ஆளே கிடையாது சார்" என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டாள், பிழை திருத்தும் செண்பகவல்லி.

ஆளவந்தார் கொதித்தார். "சொன்னவர் பேரை என்கிட்ட கேட்காம நிரூபிம்மா. முடியலைன்னா வேலையை விட்டுப் போயிடு!"

மறுநாள் காலை ஒரு பை நாவல்பழத்தை அவரிடம் நீட்டினாள். "கோபம் வேண்டாம் சார். இதை உங்க வட்டாரத்துக்குக் கொடுத்துடுங்க."

மதியம் ஆசிரியர் முன்னாலேயே கேட்டாள். "கொடுத்தீங்களா சார்?"

"கொடுத்தேனே! ஒண்ணு விடாம அவரே தின்னுட்டார்" என்று வாயைத் திறந்தார் ஆளவந்தார். நாக்கு கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது.

ஆசிரியர் குனிந்து பார்த்தார். "வட்டாரம் உள்ளேதான்யா இருக்கு!"

அடுத்த நாள் பத்திரிகையில் மன்னிப்புச் செய்தி வந்தது, முதல்முறையாக வட்டாரத்தின் பெயரோடு: ஆளவந்தார்.