அணில் வால் பட்ட ராணி

அணிலோட வால் ராணி மேல பட்டுடுச்சு.

குளக்கரையில மொத்தக் கூட்டமும் "ஐயோ"ன்னுச்சு. செஸ் போட்டியோட கடைசி ஆட்டம் அது. தொட்ட காயை நகர்த்தியே ஆகணும். காட்டுலயும் அதுதான் சட்டம்.

"கையால தொடலையே, வால்தானே?" அணில் செவந்தி கெஞ்சுச்சு.

நடுவர் எருமை அசை போடுறதை நிறுத்துச்சு. "வால் யாரோடது?"

"என்னோடதுதான்."

"அப்ப நகர்த்தும்மா."

ராணி போறதுக்கு இருந்தது ஒரே கட்டம். அதுவும் எதிராளியோட யானைக்கு நேர் முன்னாடி! செவந்தி கண்ணை மூடிக்கிட்டு வெச்சுது. போச்சு. ஜெயிச்சவங்களுக்கு இந்த மழைக்காலம் முழுக்க நாவல் மரத்துப் பொந்து. தோத்தா, கண்ணு திறக்காத குட்டிகளோட நனைய வேண்டியதுதான். மேகம் வேற கருத்துக்கிட்டு வருது.

எதிர்ல இருந்தது கிராண்ட்மாஸ்டர் உடும்பு. தோத்துப் பழக்கமே இல்லாத ஆளு. யானையால ராணியை வெட்டினா ஆட்டம் முடிஞ்சுது. கையைத் தூக்குச்சு. அப்படியே நிறுத்திடுச்சு.

"சும்மா ஒருத்தி ராணியைக் குடுப்பாளா? இதுல ஏதோ சூழ்ச்சி இருக்கு."

"சூழ்ச்சியெல்லாம் இல்லீங்க ஐயா. வால் பட்டுடுச்சு, அவ்வளவுதான்."

"இப்படித்தான் சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்!"

உடும்புப் பிடி தெரியுமில்ல? மாட்டுனது வெறும் சந்தேகமா இருந்தாலும் விடாது. பயத்துல செவந்தி ஒரு கடலையைக் கொறிச்சுது.

"ஏன் இடது பல்லால கடிக்கிறா?"

செவந்தி தும்முச்சு.

"ஓஹோ, தும்மலா. அப்ப அடுத்து குதிரை வரும்."

அங்க கடிகாரம்னா நத்தை. யாரு யோசிக்கிறாங்களோ அவங்க நத்தை குச்சியில ஏறும். உச்சியைத் தொட்டா ஆட்டம் காலி. உடும்போட நத்தை பாட்டுக்கு ஏறிக்கிட்டே இருந்துச்சு.

"சார், நத்தை மேல போயிடுச்சு," ஒரு தவளை மெதுவா சொல்லுச்சு.

"நீயும் அவ ஆளா?"

நத்தையோட கொம்பு உச்சியைத் தொட்டுது. எருமை எழுந்துச்சு. "நேரம் முடிஞ்சுது. அணில் ஜெயிச்சாச்சு."

உடும்பு துள்ளிக் குதிச்சுது. "பாத்தீங்களா! சூழ்ச்சி இருக்குன்னு அப்பவே சொன்னேன்ல!"

முதல் தூறல் விழுந்துச்சு. செவந்தி கடைசிக் குட்டியையும் வாயில கவ்விக்கிட்டு பொந்துக்குள்ள ஓடி, வாலை மட்டும் ரொம்பப் பத்திரமா உள்ள இழுத்துக்கிச்சு.

அடுத்தவங்க செஞ்சது வெறும் தப்புன்னு நம்ப முடியாத புத்திசாலி, கைக்கு வந்த வெற்றியையும் யோசிச்சு யோசிச்சே தொலைப்பான். உங்களுக்கும் இப்படி ஆகியிருக்கா?