செம்பிளவுக்கு ஏழு பேர்

செம்பிளவுக்குள் ஆட்களை அழைத்துப் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு ஜெபராணியின் கையெழுத்து வேண்டும். இரண்டில் அனுமதி எளிது என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள்.

செம்பிளவு என்பது ஓர் ஆறு மலையை இரண்டாக அறுத்துவிட்டுப் போன இடம். இரண்டு பக்கமும் செங்குத்தான சிவப்புப் பாறை. அடியில் ஐந்து ஆழமான நீர்க்கிடங்குகள். அவற்றைக் கசம் என்பார்கள். உள்ளே போய்த் திரும்ப இரண்டு நாள் ஆகும். நடுவில் ஓர் இரவு கூடாரத்தில் தங்க வேண்டும்.

ஜெபராணிக்கு வயது முப்பத்தாறு. பதினான்கு வருடமாக அந்தப் பிளவுக்குள் நடப்பவர். அவரிடம் நடக்கக் கற்றவர்கள் நிறையப் பேர். வழிகாட்டி என்று அவர் கையெழுத்துப் போட்டது நான்கு பேருக்கு மட்டும்.

ஐந்தாவதாக வந்து கேட்டவர் இசக்கியப்பன். வயது அறுபத்திரண்டு. பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தன்னைவிட இருபத்தாறு வயது இளையவரை அவர் டீச்சர் என்று அழைத்தார். டீச்சர் அவரை அண்ணாச்சி என்று அழைத்தார்.

"டீச்சர், சித்திரை கடைசிச் சனிக்கிழமைக்கு ஆறு பேர் கேக்காங்க."

"யாரு?"

"எங்க ஊர்ல காலையில நடக்கிற ஆளுங்க. பத்து வருஷமா பள்ளிக்கூட மைதானத்தையே சுத்துதோம். எல்லாருக்கும் அறுபதைத் தாண்டியாச்சு. வேற குழுவுல கேட்டா, வயசைச் சொன்னதும் போனை வச்சிடுதாங்க."

"நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?"

"நான் கூட்டிட்டுப் போனா வாறோம்னு சொல்லுதாங்க."

சித்திரை முடிந்தால் பாதையை மூடிவிடுவார்கள். மறுபடி திறக்கத் தை மாதம் ஆகும். ஆறு பேரில் மூத்தவரான பேச்சியம்மாளுக்கு இப்போதே மூச்சு இரைக்கிறது. தைவரைக்கும் அவரால் நடக்க முடியுமா என்பது யாருக்கும் தெரியாது.

"திட்டம் எழுதிட்டு வாங்க. படிச்சிட்டுச் சொல்லுதேன்" என்றார் ஜெபராணி.

பத்து நாளில் இசக்கியப்பன் வரைபடத்தோடு வந்தார். எங்கெங்கே நிற்பது, எங்கே தண்ணீர் பிடிப்பது என்று சிவப்பு மையில் குறித்திருந்தார். ஜெபராணி ஒன்றை மட்டும் கேட்டார்.

"ராத்திரி எங்க?"

"மூணாம் கசத்துக் கரை மணல்ல. மெத்தை மாதிரி இருக்கும் டீச்சர். தண்ணியும் பக்கம். பேச்சியம்மாக்கா ரொம்ப அலைய வேண்டாம்."

மறுநாள் காலை ஜெபராணி அவரை அங்கேயே அழைத்துப் போனார். மதியம் அந்த மணலில் வந்து நின்றார்கள்.

"படுத்துப் பாருங்க அண்ணாச்சி."

இசக்கியப்பன் படுத்தார்.

"எப்படி இருக்கு?"

"சொகமா இருக்கு."

"மேல என்ன தெரியுது?"

மேலே ஒரு நீர்மருத மரம். அதன் கவட்டில், இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே, காய்ந்த புல்லும் சருகும் கொத்தாகச் சிக்கிக் கிடந்தன. நடுவில் ஒரு ரப்பர் செருப்பு.

"செருப்பு மாட்டிக்கிடக்கு."

"யாரு ஏறி வச்சிருப்பா?"

இசக்கியப்பன் கொஞ்சநேரம் செருப்பையே பார்த்தார். பிறகு சட்டென்று எழுந்தார். முதுகில் ஒட்டிய மணலைத் தட்டக்கூட இல்லை.

"சித்திரையில இங்க மழை கிடையாதே டீச்சர்."

"இங்க கிடையாது."

அவர் பிளவின் மேற்கு முனையை அண்ணாந்து பார்த்தார். தூரத்து மலைத்தலையில் ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது.

"வெள்ளம் இவ்வளவு ஏறும்னு வரைபடத்துல போடலையே."

"வரைபடம் போட்டவர் வெயில்ல வந்திருப்பார்."

அன்றே இசக்கியப்பன் தங்கும் இடத்தை மேலே பாறைத் திட்டுக்கு மாற்றினார். ஆனால் அந்தச் செருப்பு அவரோடு ஊர்வரை வந்துவிட்டது. படுத்தால் கண்ணுக்குள் வந்து தொங்கியது. திட்டம் எழுதிய ஒரு நோட்டு மூன்று நோட்டானது. அடுத்த முறை அவர் வந்தபோது, முதுகுப் பை அவர் தலைக்கு மேல் ஒரு சாண் உயர்ந்திருந்தது. கதவில் இடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்.

ஜெபராணி குடியிருந்தது ஓர் உரக்கடையின் மாடியில். படி ஏறி வந்ததில் இசக்கியப்பனுக்கு மூச்சு இரைத்தது.

"இதை மாட்டிக்கிட்டே பஸ் ஸ்டாண்டு வரை போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றார் ஜெபராணி.

டீக்கடையில் இருந்தவர்களுக்கு அன்றைக்கு நல்ல பொழுது.

"என்ன அண்ணாச்சி, வீட்டைக் காலி பண்ணியாச்சா?"

"சட்டி பானை எல்லாம் உள்ள சத்தம் போடுதே. மதினியும் உள்ளதான் இருக்காங்களா?"

"மதினி நடந்து வாறாங்களாம். பைக்குள்ள இடமில்லையாம்."

இசக்கியப்பன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பினார். உரக்கடைப் படியிலேயே உட்கார்ந்து பையை அவிழ்த்தார். இரண்டாவது அடுப்பு, மூன்றாவது கயிறு, ஒரு சின்னக் கோடரி, பாம்புக்கடிக்கு யாரோ கொடுத்த வேர், ஐந்து டார்ச். ஒவ்வொன்றாகப் படியில் இறங்கின. எடை பாதியானதும் மேலே வந்தார்.

"பயத்துல வச்சதை எல்லாம் எடுத்திட்டேன் டீச்சர்."

"எல்லாத்தையுமா?"

அவர் பையின் வாரைச் சரிசெய்யத் தொடங்கினார். அது சரியாகத்தான் இருந்தது.

கடைசி வாரம் வந்தது. விண்ணப்பத்தை வியாழன் மாலை ஐந்து மணிக்குள் வனச்சரக அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். திங்கள்கிழமை இசக்கியப்பன் ஒரே ஒரு நோட்டோடு வந்தார். ஆளுக்கொரு பக்கம் எழுதியிருந்தார். ஜெபராணி வாய்விட்டுப் படித்தார்.

"ஸ்டீபன். வயது அறுபத்துநான்கு. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். சர்க்கரை உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பிஸ்கட். இவர் கோபப்பட்டால் பசி என்று புரிந்துகொள்ளவும்."

அவர் சிரித்தார். "இது நல்லாருக்கே."

"பத்து வருஷ அனுபவம் டீச்சர்."

"பேச்சியம்மாள். மூச்சு மருந்து இடது பையில் ஒன்று, என்னிடம் ஒன்று. நிற்கச் சொன்னால் நிற்க மாட்டார். ஆகவே இவர் இரைக்கும்போது நான் ஷூ கயிறு கட்டுவதுபோல் உட்கார வேண்டும்." ஜெபராணி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "காதர் பாய். தையல்காரர். வெளிச்சம் குறைந்தால் கண் சரியாகத் தெரியாது. நாலு மணிக்குள் கூடாரம் போட்டுவிட வேண்டும். எல்லோருக்கும் களைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம்."

அவர் மற்ற மூன்று பக்கங்களையும் பொறுமையாகப் படித்தார். நோட்டை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"எத்தனை பேர் போறீங்க அண்ணாச்சி?"

"ஆறு பேர் டீச்சர்."

"அப்ப நீங்க வரலையா?"

"ஐயோ, நான் இல்லாமலா? என்னோட சேத்து ஏழு."

"நோட்டுல ஆறு பேர்தான் இருக்காங்க."

"எனக்கென்ன டீச்சர். நான் நல்லாத்தான் இருக்கேன்."

ஜெபராணி பேனாவின் மூடியைத் திறக்கவில்லை. நோட்டையும் விண்ணப்பத்தையும் திருப்பிக் கொடுத்தார்.

புதன்கிழமை இசக்கியப்பன் ஏழாவது பக்கத்தோடு வந்தார். பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, எடை, மனைவியின் செல்பேசி எண். சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை.

"ரேஷன் கார்டுக்கு இது போதும்" என்றார் ஜெபராணி.

"வேற என்ன எழுதணும்னு நீங்களே சொல்லுங்க டீச்சர். எழுதிடுதேன்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

நோட்டு மறுபடியும் அவர் கைக்கு வந்தது.

வியாழன் காலை முதல் பேருந்தில் ஏறினார். பாதி வழியில் பேச்சியம்மாள் செல்பேசியில் அழைத்தார்.

"ஏ இசக்கி, புது ஷூ காலைக் கடிக்குன்னு நாலு நாளா வீட்டுக்குள்ளயே போட்டு நடக்கேன். மருமக சிரியா சிரிக்கா. இப்பப் பழகிட்டு. சனிக்கிழமை உறுதிதானே?"

"உறுதிதான் அக்கா."

"நீ முன்னால போனாப் போதும். நான் உம் பின்னாலேயே வந்திருவேன்."

அவர் செல்பேசியைச் சட்டைப்பையில் போட்டார். மடியில் நோட்டு இருந்தது. அதைத் திறக்கவில்லை.

ஜெபராணி மொட்டை மாடியில் கயிறுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். கயிற்றை விரல்களுக்கு நடுவே விட்டு மெதுவாக இழுப்பார். எங்கேயாவது நைந்திருந்தால் விரல் சொல்லிவிடும்.

இசக்கியப்பன் வந்து நின்றார்.

"எழுதலை டீச்சர். சொல்லிடுதேன்."

கயிறு நகர்ந்துகொண்டிருந்தது.

"நெத்திப்பாறை" என்றார்.

நான்காம் கசத்துக்கு மேலே பாறைச்சுவரில் ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரு விளிம்பு உண்டு. அதற்குத்தான் அந்தப் பெயர். அதைக் கடக்க முப்பது எட்டு எடுத்துவைக்க வேண்டும். பிடித்துக்கொள்ளச் சுவரில் சங்கிலி அடித்திருக்கிறார்கள். கீழே கசம் கறுப்பாக இருக்கும்.

"அங்க எனக்குக் கால் நடுங்கும் டீச்சர். நேத்து வந்ததில்ல, முதல் தடவையிலிருந்தே. ஒன்பது தடவை உள்ள வந்திருக்கேன். ஒன்பது தடவையும் அங்க உங்களுக்கு நேர் பின்னால. உங்க குதிகாலை மட்டும்தான் பார்ப்பேன். அது நகந்தா நான் நகருவேன். அந்தப் பாறை என்ன நிறம்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாது."

ஜெபராணியின் விரல்களுக்கு நடுவே கயிறு நின்றது.

"சொன்னா கையெழுத்து கிடைக்காதுன்னு தெரியும். அதான் சொல்லலை. ஆனா பேச்சியம்மாக்கா எனக்குப் பின்னால வாறேங்காங்க. நான் நடுவுல நின்னுட்டா அவங்களும் நிக்கணும். அந்த விளிம்புல திரும்ப இடம் கிடையாது."

விண்ணப்பத்தை மாடிச்சுவரில் வைத்து, பறக்காமல் இருக்க நோட்டை மேலே வைத்தார்.

"நீங்களே அவங்களைக் கூட்டிட்டுப் போங்க டீச்சர். நான் கடைசியில வாறேன்."

"சனிக்கிழமை எனக்கு வேற குழு இருக்கு" என்றார் ஜெபராணி. கயிற்றைக் கீழே வைத்தார். "ஸ்டீபன் என்ன வேலை பார்த்தார்னு எழுதியிருந்தீங்க?"

"லைன்மேன்."

"எத்தனை வருஷம்?"

"முப்பத்தஞ்சு இருக்கும். பாதி வாழ்க்கை கம்பத்து மேலதான். மழையிலயும் காத்துலயும்..."

இசக்கியப்பன் நிறுத்தினார். அப்படியே தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தார். நோட்டை எடுத்தார். ரேஷன் கார்டு போல் இருந்த பக்கத்தைக் கிழித்துவிட்டு, புதிய பக்கத்தில் எழுதினார். வெகுநேரம் ஆகவில்லை.

ஜெபராணி வாங்கிப் படித்தார்.

"இசக்கியப்பன். வயது அறுபத்திரண்டு. நெற்றிப்பாறையில் கால் நடுங்கும். அந்த முப்பது எட்டுக்கு ஸ்டீபன் முன்னால் போவார். நான் அவர் குதிகாலைப் பார்த்துக்கொண்டு பின்னால் போவேன். ஏறுவதற்கு முன் அவருக்குப் பிஸ்கட் கொடுக்கவும்."

அவர் கடைசி வரிக்கு மறுபடி சிரித்தார். பேனாவை வாங்கி, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. வனச்சரக அலுவலகத்துக்கு அடுத்த பேருந்து பன்னிரண்டுக்கு.

இசக்கியப்பன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் படி இறங்கவில்லை.

"என்ன அண்ணாச்சி?"

"இதை ஸ்டீபன்கிட்ட இன்னைக்கே சொல்லணும். சொன்னா மத்தவங்களுக்கும் தெரியும்."

"தெரியட்டும்."

"வழி காட்டுதவன் அந்த இடத்துல நடுங்குதான்னு தெரிஞ்சா, அவங்க என்ன நினைப்பாங்க டீச்சர்?"

ஜெபராணி கயிற்றை மறுபடி கையில் எடுத்தார்.

"என்கூட வரும்போது மத்த இடத்துல எல்லாம் நீங்க எங்க நடப்பீங்க?"

"கடைசியில. நான் மெதுவா நடக்கிறவன்லா."

"நெத்திப்பாறை வந்ததும் எனக்கு நேர் பின்னால வரச் சொல்லுதது யாரு?"

"நீங்கதான். ஒன்பது தடவையும்."

"ஏன்?"

இசக்கியப்பன் யோசித்தார்.

"நீங்க புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுத சத்தம் பின்னால கேக்கணும் அண்ணாச்சி" என்றார் ஜெபராணி. "அது கேட்டாத்தான் எனக்கு அங்க அடுத்த கால் எடுத்து வைக்க வரும்."